நூற்று இருபது மில்லிமீட்டர்

அலுவலகத்தில் அவளை நேரில் எல்லோரும் 'மேடம்' என்றார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்' என்றார்கள். இரண்டாவது பெயர் அவள் காதுக்கு எட்டாது என்பது அவர்கள் நினைப்பு. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஸ்கேல் வளையாது, அளக்கும், தேவைப்பட்டால் முட்டியில் ஒரு போடும் போடும். இந்த மூன்றையும் செய்ய இந்த அலுவலகத்தில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவள் நினைத்தாள்.

அவள் வேலை, ஆன்டெனா தாங்கும் இரும்பு டவர்களுக்குக் கணக்குப் போட்டுப் படம் வரைவது. எவ்வளவு உயரம், காற்று எவ்வளவு தள்ளும், மேலே எத்தனை டிஷ் தொங்கும், அதற்குக் கால்கள் எவ்வளவு பருமன், மண்ணுக்குள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், இடி விழுந்தால் எந்தப் பட்டை வழியாக பூமிக்குள் இறங்கும், எல்லாம் அவள் மேஜையிலிருந்துதான் புறப்படும். பதினெட்டு வருடத்தில் அவள் போட்ட டவர் ஒன்றுகூட விழுந்ததில்லை. இதை வாரத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். கேட்பவனுக்கு, மற்றவர்கள் போட்ட டவர்கள் எல்லாம் தினமும் காலையும் மாலையும் விழுந்துகொண்டிருக்கின்றன என்றுதான் தோன்றும்.

கம்பெனி அவள் அண்ணனுடையது. அண்ணனுக்குப் பேசத் தெரியும், ஆட்களை மிரட்டத் தெரியும், யாரிடம் எப்போது குழைய வேண்டும் என்று தெரியும். படம் பார்க்க மட்டும் தெரியாது. தங்கை கொண்டுவந்து விரிக்கும் வரைபடத்தை இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அதன் மேலேயே டீ டம்ளரை வைப்பார். அத்தோடு அவருக்கும் வரைபடத்துக்கும் இருந்த சம்பந்தம் முடிந்துவிடும். டம்ளரின் வட்டக்கறை படிந்த படங்களை அலுவலகத்தில் 'முதலாளி ஒப்புதல் கொடுத்தது' என்று தனியாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள் அவள் புருஷன். அவன் முன்பு தண்ணீர்த் தொட்டி கட்டும் ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான மறு வருடமே அண்ணன், "வெளியில யாருக்கோ காங்கிரீட் போடற மாப்ளே நமக்கே போடலாமே" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து பதின்மூன்று வருடமாக அஸ்திவாரம் அவன் பொறுப்பு. குழி, கம்பி, போல்ட், காங்கிரீட், அதற்குத் தண்ணீர் விடுவது வரை அவன்தான். அதற்கு மேலே எழும் இரும்பில் ஓர் அங்குலம்கூட அவனுடையது அல்ல.

அவன் பேசுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வான். ஒன்று கேட்டால், கேட்டவர் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பதில் வரும். வரும் பதில் சரியாகவே இருக்கும் என்பதை அந்த அலுவலகத்தில் யாரும் கவனித்ததில்லை. அதுவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவளுக்குச் சுத்தமாக இல்லை. புருஷனை மண்ணாந்தை என்று சொல்ல அவளுக்கு அலுவலகம், வீடு, உறவுக்காரர்கள் வீடு என்ற பேதமே கிடையாது. அதுவும் மரியாதையோடுதான் சொல்வாள். 'என்னங்க' என்று அவள் ஆரம்பித்தாலே பக்கத்து மேஜைக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராவார்கள்.

ஒரு தடவை அவன், மண் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறதே என்று படத்தில் இல்லாத நாலு வளையக் கம்பியைத் தானாகச் சேர்த்துக் கட்டிவிட்டான். அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் அவள் மொத்த ஆட்களையும் வரிசையாக நிற்க வைத்து, "படத்துல இருக்கறத கட்டினா போதும். யோசிக்கறதுக்கு நான் இருக்கேன். எல்லாரும் யோசிச்சா டவர் நிக்காது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது கம்பெனியின் சட்டம். வளையக் கம்பி சேர்த்தவனும் வரிசையில் கடைசியாக நின்று அதைக் கேட்டான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கேள்வி விவகாரம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் புதிய டவரின் அஸ்திவாரப் படத்தை எடுத்து வந்து, மடித்த துணிகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு விரித்தான்.

"இந்த நூத்திருபது எங்கேருந்து எடுக்கறது?" என்று கேட்டான்.

அது போல்ட் பற்றிய அளவு. டவரின் நாலு காலுக்கும் நாலு காங்கிரீட் பெடஸ்டல் உண்டு, இடுப்பளவுக்குக் குட்டைத் தூணாக. ஒவ்வொன்றின் தலையிலும் எட்டுத் தடித்த போல்ட் வான் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். காலின் அடியில் இருக்கும் இரும்புத்தட்டு அந்த எட்டிலும் மாட்டி உட்காரும், மேலே நட்டைப் போட்டு முறுக்குவார்கள். போல்ட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்த நூற்று இருபது மில்லிமீட்டர்.

அவள் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "போல்ட் எங்கேருந்து முளைக்குதோ அங்கேருந்து" என்றாள்.

"இல்ல, அம்புக்குறி வந்து..."

"என்னங்க, பதிமூணு வருஷமா அஸ்திவாரம் போடறீங்க. அளவு எங்கேருந்து எடுக்கறதுன்னு இப்போ கேக்கறீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மேல் எது கீழ் எதுன்னு கேப்பீங்களா?"

அவன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். விஷயம் அங்கேயே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அவளுக்கு அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அலுவலகம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள், அவன் குரலில், அவன் இழுக்கும் இழுப்போடு. படம் வரையும் பையன்கள் சிரித்தார்கள், வாட்ச்மேன் சிரித்தார், அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு, டவருக்கு எர்த், விளக்கு, கேபிள் எல்லாம் அவர்தான். அவர் அன்றிலிருந்து அவனுக்கு 'எங்கேருந்து' என்றே பெயர் வைத்துவிட்டார். "எங்கேருந்து சார் வந்துட்டாரா?" "எங்கேருந்து சார் சாப்பிட்டாச்சா?" இப்படி. அவன் காதுபடவே சொல்வார்கள். அவன் கிணற்றில் போட்ட கல்லாக இருப்பான்.

காங்கிரீட் போட்டு இருபத்தெட்டு நாள் தண்ணீர் விட்டாயிற்று. இரும்புப் பாகங்கள் லாரியில் போய் இறங்கின, கிரேன் வந்தது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு டவரைத் தூக்கி நிறுத்தும் மேஸ்திரி சைட்டிலிருந்து போன் செய்தார்.

"மேடம், நட்டு ஏறல."

"எந்த நட்டு?"

"எந்த நட்டும்தான்."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, ஆனால் உள்ளே ஒரு திருப்தியும் இருந்தது. தான் சொல்லிக்கொண்டே இருந்த ஒன்று நடந்துவிட்டால் சிலருக்கு வரும் திருப்தி அது. "கண்ணை வீட்ல கழட்டி வச்சுட்டுக் காங்கிரீட் போட்டா இப்படித்தான்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அஸ்திவாரப் படத்தை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதை எல்லார் முன்னாலும் புருஷன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டி, நூற்று இருபது எங்கிருந்து என்று விரலை வைத்துச் சொல்லிக் கொடுப்பதாக எண்ணம்.

அண்ணனும் காரில் வந்தார். இரண்டு மணி நேரப் பயணம். டவர் கேட்டிருந்த கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் பார்வைக்கு வருகிறார்கள், மழை தொடங்கப் போகிறது, கிரேன் சும்மா நிற்கிறது என்று அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார்.

"பாப்பா, சொல்லிட்டேன். இந்தத் தடவை நான் விடமாட்டேன். யார் தப்போ அவங்க இன்னியோட வீட்டுக்குப் போயிடணும். மாப்ளேன்னுகூடப் பாக்கமாட்டேன்."

நாற்பத்திரண்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"போகட்டும். நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கறேன்" என்றாள். சொல்லும்போது அது அவளுக்கு ஒரு பேச்சாகத்தான் இருந்தது. அண்ணன் மூன்று வருடமாக இப்படித்தான் மிரட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் இன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது நிஜமாகவே செய்துவிடுவார் என்று பட்டது. வெளியே அனுப்பப்பட்ட புருஷனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்த யோசனையைத் தள்ளிவிட்டு, அங்கே போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்த ஆரம்பித்தாள்.

சைட்டில் வேலி போட்ட ஒரு மைதானம். ஒரு மூலையில் ஜெனரேட்டர் அறை. இரும்புப் பாகங்கள் எண் வாரியாகத் தரையில் அடுக்கிக் கிடந்தன. நடுவே நாலு பெடஸ்டல்களும் நின்றன, மூலை மழுங்காமல், வெடிப்பில்லாமல். ஒன்றின் மேல் டவரின் முதல் கால் உட்கார்ந்திருந்தது. உச்சியைக் கிரேன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். தட்டுக்கு அடியில், மட்டம் பார்ப்பதற்கான அடி நட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் தட்டு. தட்டின் எட்டு ஓட்டைகளுக்குள்ளும் போல்ட்டுகள் வந்து, தட்டின் மேல்பரப்போடு சரிமட்டமாக நின்றுவிட்டன. நட்டு பிடிக்க ஒரு மரைகூட வெளியே இல்லை. கையால் தடவினால் வழவழவென்று இருந்தது.

"அடி நட்டை எடுத்துட்டு நேரா காங்கிரீட்லயே உக்கார வச்சா நட்டு ஏறிடுமே" என்று கிரேன் டிரைவர் யோசனை சொன்னார்.

"ஏறும். நாப்பது மீட்டர் மேல போனதும் எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே சொல்லிடுங்க, அந்தப் பக்கம் நான் நிக்கமாட்டேன்" என்றார் டவர் மேஸ்திரி. "நாலு பெடஸ்டலோட தலையையும் நாலு விரக்கடை கொத்தி இறக்கணும் மேடம். வேற வழியில்ல."

"என் எர்த் எல்லாம் ரெடி" என்றார் எலெக்ட்ரீஷியன். அவர் நாலு மூலையிலும் எர்த் குழி போட்டு, பட்டையைப் பெடஸ்டல் வரை கொண்டுவந்து நீட்டி வைத்திருந்தார். "இடி வந்தா இறங்க ரோடு போட்டாச்சு. டவர்தான் இல்ல. எங்கேருந்து சார் புண்ணியம்."

புருஷன் கொஞ்சம் தள்ளி, மணல் குவியலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஹெல்மெட் தலையில் இல்லை, கக்கத்தில் இருந்தது. அவன் முகத்தில் பயமோ அசடோ வழியவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"என்னங்க, இப்படி வாங்க" என்றாள்.

வந்தான்.

"இது என்ன?"

"போல்ட்."

"அது எனக்கும் தெரியுது. நட்டு எங்க போடறது? உங்க தலையிலயா?"

ஆட்கள் சிரித்தார்கள். அவள் டேப்பை வாங்கி, கால் ஏறாத அடுத்த பெடஸ்டலில் அளந்தாள். காங்கிரீட் மேல்பரப்பிலிருந்து போல்ட் நுனி வரை நூற்று இருபது. அடுத்த போல்ட் நூற்று இருபது. அதற்கடுத்ததும் அதே. எஞ்சிய இரண்டு பெடஸ்டலுக்கும் போனாள். எங்கும் ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு ஒழுங்கான தப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"காங்கிரீட்லேருந்து அளந்து வச்சிருக்கீங்க" என்றாள். "தட்டுக்கு அடியிலேருந்து நூத்திருபது வரணும். நாப்பது தட்டுக்கு, எண்பது நட்டுக்கு. தட்டுக்குக் கீழ சாந்து போக எண்பது இடம் வேணும், அது தனி. காங்கிரீட்லேருந்து பாத்தா இருநூறு நிக்கணும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். படத்தைக் காட்டறேன், நல்லாப் பாத்துக்குங்க."

படத்தைப் பெடஸ்டல் மேல் விரித்தாள். விரலை வைக்கப் போனாள். விரல் பாதியில் நின்றது.

படத்தில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. மேலே இருப்பது தட்டின் அடிப்பக்கம். கீழே இருப்பது காங்கிரீட்டின் மேல்பரப்பு. நூற்று இருபது என்று எழுதிய அம்பு, மேலே போல்ட்டின் நுனியில் தொடங்கி, தட்டின் கோட்டைத் தாண்டி, காங்கிரீட் கோட்டில் போய் முட்டி நின்றது. ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் நின்றது. கீழே மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டிலும் அவள் கையெழுத்து. மூன்றாவதில் டீக்கறை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தன் வாழ்நாளில் யார் யார் படத்திலோ சிவப்பு மையால் சுழித்த கை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெடஸ்டல் மேலேயே கிடந்தது. அவமானம் என்றால் என்ன என்பதை அவள் இதுவரை அடுத்தவர்கள் முகத்தில்தான் பார்த்திருந்தாள். உள்ளே அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் இரண்டும் கொதித்தன.

ஆட்கள் காத்திருந்தார்கள். அண்ணன் காருக்குப் பக்கத்தில் போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். படத்தைச் சுருட்டிவிட்டால் போதும், இதை யாரும் மறுபடி விரித்துப் பார்க்கப் போவதில்லை. அலுவலகத்தில் இருக்கும் மூலத்தில் அம்பை எண்பது மில்லிமீட்டர் மேலே நகர்த்த அரை நிமிடம் ஆகும். அவள் படத்தைச் சுருட்டினாள். "இங்க வாங்க" என்று புருஷனிடம் மட்டும் சொல்லிவிட்டு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனாள்.

அவன் நிதானமாக வந்தான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"படம் கைக்கு வந்த அன்னிக்கே. நட்டுக்கு இடமில்லன்னு தெரிஞ்சுது. அதான் கேட்டேன்."

"ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டா ஆச்சா? இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே. மேடம், படம் தப்புன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

அவன் யோசித்தான். அவள் இந்தத் தடவை குறுக்கே பேசவில்லை. முதல் முறையாக முழுசாகக் காத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றான். "சொல்லணும்னுதான் மறுநாள் ஆபீஸ்க்கு வந்தேன். நான் உள்ள வரும்போது நீ என் குரல்ல பேசிக்கிட்டு இருந்தே. வாட்ச்மேன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அப்படியே திரும்பிட்டேன்."

"அதுக்காக முப்பத்திரண்டு போல்ட்டையும் தெரிஞ்சே கட்டையா விட்டீங்களா?"

"படத்துல இருந்ததக் கட்டினேன். யோசிக்க நீ இருக்கே."

"வேணும்னே செஞ்சிருக்கீங்க."

"ஆமா" என்றான். மறுக்கவோ மழுப்பவோ இல்லை. "காங்கிரீட் போடற அன்னிக்குக் காலைல ரெண்டு மணி நேரம் நின்னு பாத்தேன். போல்ட்டைத் தூக்கிடலாமான்னு. கைகூட வச்சேன். அப்புறம் விட்டுட்டேன். நான் செஞ்சது தப்புதான். ஆனா அந்தத் தப்பு யாருக்கும் புரியாது. உனக்கு மட்டும் புரியும்."

அவளுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அவன் எதிரில் நிற்கவும் கூசியது. பதின்மூன்று வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கேட்க நின்றதில்லை என்பதுதான் சரி. அண்ணன் காரில் சொன்னது நினைவு வந்தது. இந்த மனிதன் இன்று தன்னால் வெளியே போகப் போகிறான். விட்டால் வீட்டிலிருந்தும் போய்விடுவான் என்று பயந்தாள்.

அண்ணன் குரல் கேட்டது. "எங்க போனாங்க ரெண்டு பேரும்?"

இருவரும் பெடஸ்டல் பக்கம் வந்தார்கள். அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, நான் சுத்தி வளைச்சுப் பேசல. நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்."

"சரி மச்சான்" என்றான் அவன்.

"நில்லுங்கண்ணா" என்றாள் அவள். "தப்பு அவருது இல்ல. என்னுது. படம் தப்பு."

அவள் படத்தை மறுபடி விரித்தாள். ஓர் ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது. "இங்க பாருங்க. அம்பு தட்டுல நிக்கணும். நான் காங்கிரீட்ல நிறுத்திட்டேன். அவர் படத்துல இருக்கறபடி சரியாத்தான் போட்டிருக்காரு."

அண்ணன் படத்தை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"புரியுது பாப்பா. என்ன இருந்தாலும் புருஷன். நாலு பேர் முன்னால விட்டுக் கொடுக்க மனசு வரல. நல்ல பொண்ணு நீ. ஆனா கம்பெனின்னு ஒண்ணு இருக்கு இல்ல."

"அண்ணா, நான் விட்டுக் கொடுக்கறது பத்திப் பேசல. படத்தைப் பாருங்க."

"பதினெட்டு வருஷத்துல உன் படம் ஒண்ணாவது தப்பாகியிருக்கா? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே."

அவள் டவர் மேஸ்திரி பக்கம் திரும்பினாள். அவருக்குப் படம் பார்க்கத் தெரியும். அவர் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "அம்பு கொஞ்சம் கீழதான் நிக்குது மேடம். இருக்கட்டும். ரெண்டு கோடு ஒட்டிக்கிட்டு இருந்தா எந்தக் கோடுன்னு நாமதான் பாத்துக்கணும். வருஷக்கணக்கா போல்ட் போடறவருக்கு நட்டு எங்க ஏறும்னு தெரிய வேணாமா? தெரியலன்னா வாயைத் திறந்து கேக்க வேணாமா?"

"கேட்டார்" என்றாள். "அவர் கேட்டாருங்க. எங்கேருந்து எடுக்கறதுன்னு என்கிட்ட வந்து கேட்டார்."

முதலில் எலெக்ட்ரீஷியன்தான் சிரித்தார். பிறகு கிரேன் டிரைவர், பிறகு எல்லோரும். கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. பழகிய வேடிக்கை, அதை மறுபடி அவள் வாயாலேயே கேட்டார்கள், சிரித்தார்கள். அண்ணன்கூடச் சூழ்நிலையை மறந்து புன்னகைத்துவிட்டார்.

"அது என்ன கேள்வின்னு சிரிக்கறீங்க?" என்றாள். "அதுதான் சரியான கேள்வி. அதைத்தான் கேட்டிருக்கணும். நான்தான் பதில் சொல்லல."

"மேடத்துக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கும்னு நான் நினைச்சே பாக்கல" என்றார் எலெக்ட்ரீஷியன் டவர் மேஸ்திரியிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதில் உண்மையான மரியாதை இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவர்கள் அவளுக்குக் கொடுத்த முதல் நல்ல வார்த்தை அதுதான், அதுவும் அவள் செய்யாத ஒன்றுக்கு.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன். தெரிஞ்சுதான் போட்டேன்னு சொல்லுங்க. படம் தப்புன்னு சொல்லுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கக்கத்திலிருந்த ஹெல்மெட்டை எடுத்துப் பெடஸ்டலின் ஒரு போல்ட் மேல் கவிழ்த்து வைத்தான். படத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"படம் சரிதான் மச்சான்" என்றான். "நான்தான் மண்டைல ஏறாம தப்பா எடுத்துட்டேன். அவ சொல்றதப் பெரிசா எடுத்துக்காதீங்க."

"பாத்தியா பாப்பா" என்றார் அண்ணன். "அவரே ஒத்துக்கிட்டார்."

இரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி வேலிக்கு வெளியே புறப்படத் தயாராக நின்றது. அவன் அதை நோக்கி நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். மண்ணில் செருப்பு புதைந்தது, படம் ஒரு கையில் பறந்தது.

"ஏன் இப்படிச் சொன்னீங்க? நான் உண்மையத்தானே சொன்னேன்."

அவன் லாரியின் படியில் ஒரு கால் வைத்து நின்றான். உடனே பதில் சொன்னான், யோசிக்கவே இல்லை.

"தொட்டி கட்டறவர் வருஷா வருஷம் கூப்பிடறாரு. நானா போனா உங்கண்ணனுக்கு மரியாதைக் குறைச்சல்னு இருந்துட்டேன். இப்போ அவரே அனுப்பிட்டார். அதை நீ கெடுத்துடாத."

"அப்போ வீட்டுக்கு?"

"சாயங்காலம் வந்து துணி எடுத்துக்கறேன். கொஞ்ச நாள் தொட்டி சைட்லயே தங்கிக்கறேன்."

லாரி கிளம்பியது. அவள் திரும்பி வந்தாள். ஆட்கள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள், யாரோ ஒருவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணன் எலெக்ட்ரீஷியனிடம் தாழ்ந்த குரலில், "இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தாள். எல்லோரும் தலையைச் சாய்த்து, இரக்கத்தோடு, அவள் சொல்லப் போவதை நம்பாமல் இருப்பதற்குத் தயாராகக் காத்திருந்தார்கள்.